இரண்டு கேலன் சிப்பி, ஒரு கிண்ணம் கறி

ஓர் ஆள் ஒரு நாளைக்கு இரண்டு கேலன் ஸ்காலப் சிப்பி எடுக்கலாம் என்கிறது ஃப்ளோரிடாவின் சட்டம். ஓட்டோடு சேர்த்து ஏறத்தாழ ஏழரை லிட்டர். அதைத் திறந்து, வழித்து, கழுவி முடித்தால் மிஞ்சுவது ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவான வெள்ளைக் கறி. சாப்பாட்டுக்காக மட்டும் போவதென்றால் மீன் கடைக்குப் போவதே புத்திசாலித்தனம். படகு வாடகை, பெட்ரோல், ஐஸ், கண்ணையும் மூக்கையும் மூடும் நீச்சல் மாஸ்க் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உலகிலேயே விலை உயர்ந்த கடல் உணவு அன்று உங்கள் வீட்டு அடுப்பில்தான் இருக்கும்.

ஆனாலும் டாம்பாவுக்குக் குடிவந்த பிறகு எங்கள் குடும்பம் கோடையில் தவறவிடாத ஒன்று இதுதான். கடலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு புல்லுக்குள் ஒளிந்திருக்கும் சிப்பியைத் தேடுவதில் எட்டு வயதுப் பையனும் ஐம்பது வயதுப் பெரியப்பாவும் ஒரே தகுதியில் நிற்கிறார்கள். எப்படிப் போவது, என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். நான் சொல்லும் முதல் விஷயம் எல்லோருக்கும் சற்று ஏமாற்றமாகவே இருக்கும்: படகிலிருந்து திட்டத்தைத் தொடங்காதீர்கள். மாலையில் சிப்பியைச் சுத்தம் செய்யப்போவது யார், குடும்பத்தில் மிகவும் மெதுவாக நீந்துபவர் யார், இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு தேதியைக் குறியுங்கள்.

முதலில் இடம். ஃப்ளோரிடா தீபகற்பத்தின் மேற்குக் கரை வடக்கே போய் மேற்காக வளையும் பகுதியை அங்கே 'பிக் பெண்ட்' என்கிறார்கள். கரையிலிருந்து சில மைல் தள்ளிப் போனாலும் ஆள் நிற்கக்கூடிய ஆழம்தான் பல இடங்களில். அடியில் கண்ணுக்கெட்டிய தூரம் கடற்புல். அந்தப் புல்லில்தான் 'பே ஸ்காலப்' என்னும் சிறு சிப்பி வளர்கிறது. வணிகத்துக்காக அதைப் பிடிப்பது 1994 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இப்போது அனுமதி வீட்டுச் சமையலுக்குப் பிடிப்பவர்களுக்கு மட்டும். கையால் எடுக்கலாம் அல்லது கைவலையால் அள்ளலாம். மாவட்டத்துக்கு மாவட்டம் பருவமும் மாறுகிறது. ஸ்டீன்ஹாட்சி பக்கம் ஜூன் நடுவிலேயே தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு முடிந்துவிடும். ஹோமோசாசாவும் கிரிஸ்டல் ரிவரும் இருக்கும் சிட்ரஸ் மாவட்டத்தில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 24 வரை. இன்னும் மேற்கே செயின்ட் ஜோசப் விரிகுடாவில் ஆகஸ்ட் 16இல்தான் திறக்கிறார்கள். மாநில மீன், வனவிலங்கு ஆணையம் இந்தத் தேதிகளை மாற்றுவதும் உண்டு, சில ஆண்டுகளில் ஓரிடத்தை முழுவதுமாக மூடிவிடுவதும் உண்டு. ஆகவே படகுக்கு முன்பணம் கட்டும் முன் ஆணையத்தின் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் எனக்கு ஒருபோதும் கெடுபிடியாகத் தோன்றியதில்லை. இந்தச் சிப்பியின் ஆயுள் ஏறக்குறைய ஒரே ஆண்டு. கோடையில் கொழுத்து, இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிரத் தொடங்கும்போது முட்டையிட்டு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு நாம் தேடிப் போகப்போவது இந்த ஆண்டு நாம் விட்டுவைத்ததன் பிள்ளைகளைத்தான். கனமழை பெய்து ஆற்றுத் தண்ணீர் கடலில் மிகுந்து உப்பு குறைந்தாலும், சிவப்பு அலை என்னும் நச்சுப்பாசி பரவினாலும், புயல் அடித்தாலும் ஒரு தலைமுறையே குறைந்துபோகலாம். 2023 ஆகஸ்டில் இடாலியா புயலும் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. ஸ்டீன்ஹாட்சி போன்ற சிற்றூர்கள் அடுத்தடுத்து அடி வாங்கின. எங்காவது ஓர் உணவகம் மூடியிருந்தால், படகுத்துறையில் பாதிப் பலகை புதிதாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

நாங்கள் போவது ஹோமோசாசாவுக்கு. டாம்பாவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ஊற்று நீரில் பிறக்கும் ஆற்றின் வழியே படகு கடலுக்குப் போகிறது. ஆற்றின் நடுவே குரங்குத் தீவு என்று பெயர் பெற்ற ஒரு சிறு திட்டு, அதன்மேல் பொம்மை போன்ற கலங்கரை விளக்கம். பிள்ளைகளுக்கு அதுவே பாதிக் கொண்டாட்டம். மனாட்டிகள் உலவும் ஆறு என்பதால் பல இடங்களில் படகு ஊர்ந்துதான் போக வேண்டும். பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவின் உறவுதான் மனாட்டி. அதுவும் புல் மேய்கிற பிராணி. ஆற்றில் மெதுவாகப் போகும் அந்த நேரத்தைப் பெரியவர்கள் வீண் என்று நினைப்பார்கள். நான் அதை மாஸ்க் வார் சரிசெய்யவும் முதுகுக்குச் சூரியக் களிம்பு பூசவும் ஒதுக்கிவிடுகிறேன். கடலில் நங்கூரம் போட்ட பிறகு எந்தப் பிள்ளையும் களிம்புக்கு நிற்காது.

படகு விஷயத்தில் என் கருத்து உறுதியானது. முதன்முறை போகிறவர்கள் கேப்டனோடு சேர்ந்த படகையே எடுங்கள். காசு கூடத்தான். ஆனால் எந்தப் புல்வெளியில் இந்த வாரம் சிப்பி இருக்கிறது, எந்தத் திட்டில் பாறை இருக்கிறது, எப்போது தண்ணீர் இறங்கும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். உரிமம் பெற்ற வாடகைக் கேப்டனோடு போனால் அவருடைய உரிமமே பயணிகள் அனைவருக்கும் செல்லும். நீங்களே ஓட்டும் வாடகைப் படகென்றால் பதினாறு வயது நிரம்பி, சிப்பி எடுக்கும் ஒவ்வொருவருக்கும், சில விலக்குகள் தவிர, கடல் மீன்பிடி உரிமம் வேண்டும். ஊரிலிருந்து விருந்தாக வந்திருக்கும் மாமாவுக்கும்தான். 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் பத்துக் குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்டப் படகுக் கல்வி அட்டை வைத்திருக்க வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், இருபத்தாறு அடிக்குக் குறைந்த படகு ஓடும்போதெல்லாம் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வயது வரம்பை நாங்களே பத்து ஆக்கிக்கொண்டோம். மகனுக்கு அதில் வருத்தம்தான்.

அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆளுக்கு இரண்டு கேலன் என்றாலும் ஒரு படகுக்கு மொத்தம் பத்து கேலன்தான், கறியாக்கினால் அரை கேலன். ஆறு பேர் போனாலும் ஐந்து பேரின் அளவே. ஸ்டீன்ஹாட்சி பக்கம் பருவத்தின் முதல் இரண்டு வாரங்களில் ஆளுக்கு ஒரு கேலன் என்று விதி வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஐந்து கேலன் வாளியில் உள்ளே கோடு போட்டுக் கொண்டுபோனால் வாக்குவாதம் மிச்சம்.

ஒத்திகை இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. குடியிருப்பு நீச்சல் குளத்தில் ஒரு மாலை போதும். மாஸ்க்கை வார் போடாமல் முகத்தில் அழுத்தி மூக்கால் மெல்ல மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. கடையில் எல்லோருக்கும் ஒரே அளவில் மலிவுத் தொகுப்பாக வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளையின் முகத்தில் பெரியவர் மாஸ்க் நிற்காது, கண்ணில் உப்புத் தண்ணீர் ஏறிய பிள்ளை அன்று முழுவதும் படகை விட்டு இறங்காது. மீசைக்காரர்களுக்குத் தனிச் சோதனை. மேலுதட்டில் ரோமம் இருந்தால் மாஸ்க்கின் விளிம்பு தோலில் பதியாமல் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று அழைப்பவர், கல்லூரி நாளிலிருந்து வளர்த்த மீசையை இதற்காக எடுக்க மாட்டேன் என்றார். கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு சிறு கோடு மட்டும் மழித்துக்கொண்டு வந்தார். பார்க்க எப்படியோ இருந்தது, கசிவு நின்றது. கண்ணாடி பனிபடியாமல் இருக்கக் குழந்தைகளுக்கான ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து உள்பக்கம் தடவி லேசாக அலசினால் போதும்.

இனி தண்ணீருக்குள். நான்கிலிருந்து ஆறு அடி ஆழம் குடும்பங்களுக்குச் சரியான இடம். தலையைக் கவிழ்த்தவுடன் முதலில் தெரிவது வெறும் புல். பச்சையும் பழுப்பும் கலந்து அசைந்துகொண்டிருக்கும் புல், அதற்குள் இறந்த சிப்பி ஓடுகள், பஞ்சுப்பாசிகள், சிறு மீன்கள். அத்தான் நல்ல நீச்சல்காரர். இறங்கியதும் கைகால்களை வீசி ஒரு வட்டம் அடித்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லை, இடத்தை மாற்றச் சொல்லுங்கள்" என்றார். அவர் கடந்துபோன அதே தடத்தில் என் மகள் துடுப்புக்காலை அசைக்காமல் மிதந்துகொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவள் பை கனத்துவிட்டது. அத்தான் வேகத்தில் புல் கலைந்து மணல் கிளம்பி, அவர் பார்க்க வேண்டியது அவருக்கே மறைந்துபோயிருக்கிறது. இந்த விளையாட்டில் நீந்தத் தெரிந்தது உதவாது, நீந்தாமல் கிடக்கத் தெரிய வேண்டும். அடித்தளத்துக்கு மேலே அசையாமல் மிதந்து, ஒரு கை அகல இடத்தைப் பார்த்து முடித்த பிறகே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும்.

புல்லும் மணலும் சந்திக்கும் ஓரங்களை முதலில் பாருங்கள். வெண்மணல் திட்டின் விளிம்பில் சிப்பி பளிச்சென்று தெரியும். அடர்ந்த புல்லுக்குள் மேல் ஓட்டின் கருமையே அதற்குப் போர்வை. பாசியும் படிந்திருந்தால் ஓட்டைத் தேடிப் பயனில்லை, வாயைத் தேட வேண்டும். சிப்பி லேசாகத் திறந்திருக்கும்போது இரு ஓட்டின் விளிம்பிலும் நீல மணி கோத்தாற்போல் கண்கள் வரிசையாகத் தெரியும். ஆம், கண்களேதான், பல டஜன். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நுண்படிகங்களாலான குழியாடி இருந்து ஒளியைக் குவிக்கிறது, பெரிய தொலைநோக்கிகள் இயங்கும் அதே முறையில். அதை முந்தின இரவே பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால், மறுநாள் அவர்கள் தேடுவது சிப்பியை அல்ல, தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை. நிழல் பட்டதும் ஓட்டைப் படபடவென்று அடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி எம்பிப் பறந்துவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் மாஸ்க்குக்குள்ளேயே அலறுவார்கள். பின்பக்கமிருந்து கையை மெல்லக் கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும். விரலைக் கவ்வினால் வலியைவிடத் திகைப்புத்தான் அதிகம்; மெல்லிய கையுறை இருந்தால் அதுவும் இல்லை.

ஆறடி என்றாலும் அடிவரை போய் வருவது சிறு பிள்ளைகளுக்கு எளிதல்ல. காது அடைக்கும், உயிர்காப்புச் சட்டை மேலே தூக்கும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பங்கீடு வைத்திருக்கிறோம். மகன் மேலே மிதந்தபடி சிப்பியைக் கண்டுபிடித்து விரலால் காட்டுவான், அவன் அப்பா மூழ்கி எடுப்பார். கண்டவன் பெயரில்தான் கணக்கு எழுதப்படும். இந்த ஏற்பாட்டால் இன்னொரு நன்மையும் உண்டு: பிள்ளையும் பெரியவரும் ஒருவரையொருவர் விட்டு விலகுவதே இல்லை. தலை கவிழ்ந்திருப்பவருக்குத் திசையும் தூரமும் மறந்துபோகும். பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்தால் படகு எங்கோ இருக்கும். ஆகவே இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, படகில் ஒரு பெரியவர் எப்போதும் தண்ணீருக்கு வெளியே, கண் கொட்டாமல். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்காமல் நாளைக் குறிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். நீர் வற்றி, ஓட்டம் நின்றிருக்கும் நேரமே நமக்கு உகந்தது. அப்போது புல் நிமிர்ந்து நிற்கும், ஆழம் குறையும், இடைவெளியில் சிப்பி தெரியும். ஓட்டம் வேகமாக இருந்தால் புல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மூடிவிடும், நீந்துபவரும் களைத்துவிடுவார். ஓட்டம் இருக்கும்போது இறங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் எதிர்த்திசையில் போங்கள். பை கனத்துக் கால் சோர்ந்து திரும்பும்போது தண்ணீரே படகில் கொண்டுவந்து சேர்க்கும். தலைகீழாகச் செய்தவர்களைப் பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு வீசி இழுத்ததை நாங்களே பார்த்திருக்கிறோம்.

ஆட்கள் தண்ணீரில் இருக்கும்வரை படகின் உச்சியில் சிவப்பில் வெள்ளைக் குறுக்குக் கோடு போட்ட கொடி பறக்க வேண்டும். படகில் கட்டும் கொடி குறைந்தது 20க்கு 24 அங்குலம். திறந்த கடலில் நீந்துபவர்கள் கொடியிலிருந்து 300 அடிக்குள், ஆற்றிலும் கால்வாயிலும் 100 அடிக்குள் இருக்க முயல வேண்டும். அதே தூரத்துக்குள் வரும் மற்ற படகுகள் ஊர்ந்துதான் வர வேண்டும். எல்லோரும் ஏறியதும் கொடியை இறக்கிவிட வேண்டும். ஆளில்லாமல் பறக்கும் கொடியும் குற்றமே. கூட்டமான சனிக்கிழமைகளில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே புல்வெளியில் நிற்கும். அந்நேரம் சுற்றிலும் ஓடும் விசைப்படகுகளோடு ஒப்பிட்டால் சுறா பற்றிய பயமெல்லாம் வெறும் கதை. வார நாளில் விடுப்பெடுத்துப் போக முடிந்தால் அதைப் போல வேறில்லை.

காலுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி வேண்டும். புல்லுக்குள் புதைந்திருக்கும் பேனாச் சிப்பியின் விளிம்பு கத்திதான். நிற்கும் இடத்தில் மணல் இருந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். கொட்டிவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை எல்லோருக்கும் கட்டாயம். கவிழ்ந்து கிடப்பதால் முழங்காலின் பின்பக்கமும் காது மடலும் வெந்துபோகும், நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை மாலைக்குள் தீர்ந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அமெரிக்க நண்பர்கள் சாண்ட்விச் என்பார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய வாய்க்குத் தயிர் சாதமும் மோர் மிளகாயும் போல எதுவும் இறங்காது. புளியோதரையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தாகம் எடுக்கும். படகில் எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் பற்றாது.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருச்செந்தூர் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர். நீச்சல் தெரியாது, தண்ணீரில் இறங்கவும் மாட்டார். தட்டையான தளம் கொண்ட பான்டூன் படகின் நிழலில் தொப்பியோடு உட்கார்ந்து, ஏறி வரும் ஒவ்வொரு பையையும் கவனித்துக்கொண்டிருப்பார். வீட்டில் மீன் ஆய்வதும் நண்டு உடைப்பதும் அவர் கைதான் என்பதால் வாளி எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதில் எங்களைவிட அவருக்கே அக்கறை. வாளி பாதி தாண்டியதும், "போதும், எல்லாரும் ஏறுங்கள்" என்றார். "ஆச்சி, இன்னும் நிறைய எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது" என்றான் பேரன். "சட்டம் வந்து ஆய்ந்து தருமாடா?" என்று கேட்டார் அத்தை. அன்றிலிருந்து எங்கள் அளவை ஆணையம் தீர்மானிப்பதில்லை, ஆச்சிதான் தீர்மானிக்கிறார். அனுபவத்தில் சொல்கிறேன், குடும்பத்துக்கு இரண்டு மூன்று கேலன் ஓட்டுச் சிப்பி தாராளம். பத்து கேலனையும் நிரப்பிக்கொண்டு கரையேறும் குடும்பங்கள் இரவு எட்டு மணிக்குக் கத்தியும் கையுமாக ஒருவரோடொருவர் பேசாமல் நிற்பதைப் படகுத்துறையில் பார்க்கலாம்.

நங்கூரத்தை மணல் திட்டில் போடச் சொல்லுங்கள், புல்லில் அல்ல. ஆழமில்லாத இடத்தில் படகின் உந்துவிசிறி சுழன்றால் புல் வேரோடு போய் வெள்ளைத் தழும்பு விழும். அது மூடப் பல ஆண்டுகள் ஆகும். தரைதட்டிவிட்டால் இன்ஜினை முடுக்கக் கூடாது. நிறுத்தி, மேலே தூக்கி, இறங்கித் தள்ளுவதே வழி. ஆழமில்லாத தண்ணீர்தானே.

பிற்பகல் இடியை மறக்கக் கூடாது. ஃப்ளோரிடாக் கோடையில் காலை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கடற்காற்று உள்ளே ஏறிய பிறகு மதியத்துக்கு மேல் மேகம் திரள்வது அன்றாட வழக்கம். மறைவில்லாத கடலில் உயரமான பொருள் உங்கள் படகு ஒன்றுதான். காலை ஏழரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் ஆற்றுக்குள் திரும்பிவிடுவது எங்கள் கணக்கு. முதல் இடி கேட்டதும் தண்ணீரிலிருந்து ஏறியாக வேண்டும், கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் இறங்கக் கூடாது. "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கெஞ்சுவது பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள், அவர்களின் அப்பாக்களாகத்தான் இருப்பார்கள்.

எடுத்த சிப்பி உடனே ஐஸ் பெட்டிக்குப் போக வேண்டும். ஐஸ் உருகிய நன்னீரில் அது ஊறக் கூடாது, சுவை போய்விடும். பெட்டியின் வடிகால் அடைப்பைத் திறந்து வையுங்கள், அல்லது பையில் கட்டி ஐஸின்மேல் வையுங்கள். குளிரில் தசை தளர்ந்து ஓடு தானாக லேசாகத் திறந்துகொள்ளும்; பாதி வேலை குறைந்தது.

ஆய்வதற்குக் கத்தியைவிட விளிம்பு தேய்ந்த தேக்கரண்டி மேல். கரிய ஓடு மேலே இருக்கும்படி பிடித்து, மூட்டுக்கு அருகே இருக்கும் இடைவெளியில் கரண்டியை நுழைத்து, மேல் ஓட்டின் உட்புறத்தை ஒட்டியே வழித்தால் தசை விடுபட்டு ஓடு திறக்கும். உள்ளே கரிய குடலும் சவ்வும் சூழ, நடுவில் வெள்ளையாக ஒரு சிறு உருளை. அதுதான் கறி. மூட்டுப் பக்கமிருந்து கரண்டியால் மெல்ல இழுத்தால் குடல் முழுவதும் ஒரே சுருளாகக் கழன்று வரும். அவசரப்பட்டால் பிய்ந்து போய்த் துண்டு துண்டாக எடுக்க வேண்டிவரும். கடைசியில் தசையைச் சுரண்டி எடுத்து ஐஸ் தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டால் முடிந்தது. வெள்ளைத் தசையைத் தவிர எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரை வடிகட்டி உண்ணும் பிராணி இது. நச்சுப்பாசியின் நஞ்சு தங்குவது குடலில்தான். நம் ஊர் மட்டியைப் போல முழுவதுமாக வேகவைக்கலாமா என்று கேட்ட அத்தைக்கு இதை விளக்கியதும், அதற்குப் பிறகு ஒரு கரும்புள்ளிகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. கை ஓய்ந்துவிட்டால் படகுத்துறைகளில் கூலிக்கு ஆய்ந்து தருபவர்கள் இருக்கிறார்கள். சிறு வெற்றிடக் குழாயால் குடலை உறிஞ்சி எடுத்து, அவர்கள் வேலை செய்யும் வேகத்தைப் பார்ப்பதே தனி வேடிக்கை.

ஓட்டையும் குடலையும் ஹோமோசாசா ஆற்றிலோ கிரிஸ்டல் ரிவரிலோ கொட்டக் கூடாது. குளிப்பவர்கள் காலை ஓடு அறுக்கும், அழுகினால் நீர் கெடும். குப்பையில் போடுவதென்றால் இரட்டைப் பையில் கட்டி, குப்பை வண்டி வரும் நாள்வரை உறைபெட்டியில் வையுங்கள். ஜூலை வெயிலில் ஒரு நாள் போதும், தெரு முழுவதும் உங்கள் வீட்டைத் தேடி வரும். பிள்ளைகள் வர்ணம் பூசக் கேட்கும் ஓடுகளை நன்றாகச் சுரண்டி, ப்ளீச் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போட்டுத் தரலாம்.

சமையலில் சிப்பியைக் கெடுப்பது ஒன்றுதான்: அதிக நேரம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. காகிதத் துண்டால் ஈரம் போக ஒற்றி, புகையும் சூட்டில் இருக்கும் இரும்புச் சட்டியில் இடைவெளி விட்டுப் பரப்பி, ஒரு பக்கம் ஒரு நிமிடம், திருப்பிப் போட்டு அரை நிமிடம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்து ரப்பராகிவிடும். நான் வெண்ணெயில் பூண்டும் பொடித்த மிளகும் கருவேப்பிலையும் சேர்ப்பேன். அத்தை குழம்புக்காரர். சின்ன வெங்காயம், தேங்காய் அரைத்த புளிக் குழம்பைத் தனியாகக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்து அடுப்பை அணைத்த பிறகே சிப்பியைப் போட்டு மூடிவைப்பார். குழம்பின் சூடே அதற்குப் போதும். என் வெண்ணெய்ச் சிப்பி மேசையில் மிஞ்சியிருக்கும்போதே குழம்புச் சட்டி வழித்தெடுக்கப்பட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டு மீன் ஒவ்வாமை உள்ளவர் குடும்பத்தில் இருந்தால் அவருக்கு வேறு சமையல், வேறு கரண்டி.

யாரெல்லாம் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் முகம் வைக்க இன்னும் பயப்படும் பிள்ளையை இந்தப் பயணத்தால் பழக்க முடியாது. குளத்தில் பழக்கிவிட்டு அடுத்த ஆண்டு கூட்டிப் போங்கள். படகில் தலை சுற்றுபவர்கள் காற்று அதிகமுள்ள நாளைத் தவிர்க்க வேண்டும். பருவம் திறக்கும் முதல் வார இறுதியில் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும், சிப்பியும் சிறிதாகவே இருக்கும். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முன்னதாக ஒரு வார நாள், காலையில் நீர் வற்றும் நாளாகப் பார்த்துக் கேப்டனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நல்ல கேப்டன்களின் நாட்கள் மே மாதத்திலேயே நிரம்பத் தொடங்கிவிடுகின்றன.